உபதேசியார் மகளின் பாட்டு

சே. ம. சூ.

பெங்களூர்
9-6-1985

என்றும் அன்புள்ள அப்பாவுக்கு,

இசபெல்லா எழுதிக்கொண்டது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், ராஜாமணி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ராஜாமணி அண்ணன் என்று எழுதும்போதே கை நிற்கிறது. போன வாரம் அவர் ஊருக்கு வந்து உங்களிடம் சொல்லியிருப்பார். கப்பன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை லாரியை நிறுத்திவிட்டுக் காற்று வாங்க வந்தவர், மேடையில் மூன்று பையன்களுக்கு நடுவில் கரண்டு கிட்டாரோடு நின்று நான் கத்தியதைப் பார்த்துவிட்டார். கீழே இறங்கினதும் என்னிடம், "என்னா இசபெல்லா, உபதேசியாருக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டார். தெரியாது என்றேன்.

அப்பா, ஞாயிறு மாலை பாடகர் குழுப் பயிற்சி என்று உங்களுக்கு ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய் இல்லை. காலையில் கோயிலில் பாடுகிறேன். மாலையில் லெஸ்லி என்கிற ஆங்கிலோ இந்தியப் பையனின் வீட்டுக் கார் ஷெட்டில் பாடுகிறேன். லெஸ்லியும் அவன் தம்பியும் கிட்டார். டிரம் அடிப்பது குப்புராஜ், எங்கள் கடிகாரத் தொழிற்சாலையில் லேத் பிரிவு, யூனியன்காரர். இதற்கு ராக் இசை என்று பெயர். சத்தம் அதிகம். கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கிழிக்கிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதைக் காலால் மிதிப்போம். ஹாஸ்டல் சிஸ்டர்களுக்குத் தெரியும். எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் போட்ட கட்டளை.

முதலில் இங்கிலீஷ் பாட்டுகள்தான் பாடினோம். இங்கிலீஷில் பாடும்போது எனக்கு யார் மேலும் கோபம் வராது, யார் மேலும் பாசமும் வராது. அதனால் தமிழில் எழுத ஆரம்பித்தேன். இதுவரை ஆறு பாட்டு. பெரிய வெள்ளிக்கிழமை நீங்கள் ஆர்மோனியம் இல்லாமல் இழுத்து இழுத்துப் பாடுவீர்களே, அந்த இழுப்பு எல்லாப் பாட்டிலும் வந்துவிடுகிறது. லெஸ்லி இதை எங்கே கற்றாய் என்று கேட்கிறான். சவுரிகொட்டாயில் என்கிறேன்.

எங்கள் பிரிவுப் பெண்களுக்காக எழுதினதில் இரண்டு வரி:

ஊருக்கெல்லாம் நேரம் செய்றோம்
ஒண்ணுக்குப் போக நேரமில்ல.

மறைத்ததற்கு மன்னியுங்கள். பாடுவதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

உங்கள் அன்பு மகள்
இசபெல்லா


சே. ம. சூ.

சவுரிகொட்டாய்
பாப்பாரப்பட்டி வழி
24-6-1985

பிரியமுள்ள மகள் இசபெல்லாவுக்கு,

அப்பா யாகப்பன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். தைலம் இருக்கிறது.

ராஜாமணி வந்து சொன்னான். அவன் சொன்னதைவிட, நடுவீட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் நடித்துக் காட்டினதுதான் உன் அம்மாவுக்குத் தாங்கவில்லை. நீ தலையை அப்படியா ஆட்டுகிறாய்? நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் பாடகர் குழு என்று எழுதினாயே, அதுதான் மனசில் முள்ளாக இருக்கிறது. ஒரு வருடமாக உன் பாடகர் குழுவுக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி ஒதுக்கி வந்தேன். அந்தச் செபம் எல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ.

ராக் என்றால் என்ன என்று பூசை வைக்க வந்த சாமியிடம் கேட்டேன். பாறை என்று அர்த்தம் என்றார். பாறைக்கு எதற்குப் பாட்டு என்றேன். "நம்ம ஆண்டவர் பாறை மேலதானே திருச்சபையே கட்டினார், உபதேசியாரே" என்று சிரித்தார். அவர் சின்ன வயது, எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்.

நீ அனுப்பின வரிகளைப் படித்தேன். சிறுநீர் கழிக்கிற விஷயத்தை ஒரு கிறிஸ்தவப் பெண் பாட்டில் வைக்கலாமா? ஆனால் மோனை சரியாக இருக்கிறது. இரண்டாவது வரியில் 'நேரமில்ல' என்பதை நீட்டாதே. வெட்டி நிறுத்து. வேலை செய்கிறவள் நீட்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

மழை இல்லை. கேழ்வரகு விதைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். காலனித் தெரசா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கோயிலில் பார்த்தேன். "எங்க கூட்டாளி எப்ப வருவா?" என்று உன்னைக் கேட்டாள். நீங்கள் இருவரும் சின்ன வயதில் சேர்ந்து பாடும்போது அவள்தான் சுதியை விடாமல் பிடிப்பாள். நீ ஓடிவிடுவாய்.

எட்டு மணி என்பதை ஏழரை ஆக்கிக்கொள்.

அப்பா
யாகப்பன்


பெங்களூர்
15-9-1985

அப்பாவுக்கு,

தெரசாவை அடக்கம் செய்த மறுநாள் காலை, உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் உங்களோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

வலி கண்டு ஜீப்பில் தருமபுரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவள் போய்விட்டாள். அது யார் குற்றமும் இல்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. அதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் யாருக்கு என்ன சொல்வது?

நம் கல்லறைத் தோட்டத்துக்குப் பெரிய கேட்டு தெருக்காரர்களுக்கு, ஓரத்துச் சின்னக் கேட்டு காலனிக்கு என்பது பிறந்ததிலிருந்து தெரியும். தெரியும் என்பதால் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். சின்னக் கேட்டில் பெட்டி நேராக நுழையவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். பெட்டிக்குள்ளே அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் என்னைவிடப் பக்கத்தில் நின்றீர்கள்.

அவள் அம்மா மிக்கேலம்மாள் அக்கா உங்கள் முன்னால் வந்து கையைக் கூப்பி, "உபதேசியாரே, பெரிய கேட்டத் தொறங்க. எம்புள்ள சாயுதுங்க" என்றார்கள்.

சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. நீங்கள் செபப் புத்தகத்தைப் பார்த்தீர்கள். பிறகு இன்னும் சத்தமாகச் செபத்தைப் படித்தீர்கள்.

அப்பா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மழையில் நனைந்த நாய்க்குட்டியைக் கோயிலுக்குள் விட்டு அடி வாங்கினவர் நீங்கள். எனக்கு உங்களைத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். ஏன்?

இசபெல்லா


சே. ம. சூ.

சவுரிகொட்டாய்
26-9-1985

பிரியமுள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நல்ல செய்தியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஏன் என்று கேட்டாய். 1971இல் உனக்கு ஏழு வயது. காலனிக் கிழவர் ஒருவரைப் பெரிய கேட்டு வழியாகக் கொண்டுபோகச் சில பேர் முயன்றார்கள். அன்றைக்கு நான்கு மண்டை உடைந்தது. அதில் இரண்டு காலனி மண்டை, ஒன்று தெரு மண்டை, ஒன்று என்னுடையது. என் நெற்றித் தழும்பு மாடு முட்டினது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மாடு இல்லை. இரண்டு வருடம் கோயில் பூட்டிக் கிடந்தது. திருவிழா இல்லை. குழந்தைகளுக்கு நான் மாட்டுக்கொட்டகையில் செப மந்திரம் சொல்லிக்கொடுத்தேன்.

மறுபடி கோயில் திறந்தபோது ஊர்க்கூட்டத்தில் ஒரே ஒரு நிபந்தனை. பழையபடி இருக்க வேண்டும். சாவியை என் கையில் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். பூட்டைப் போட்டவன் நான் இல்லை. இது சமாதானம் ஆகாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

நீ அங்கே மேடையில் நின்று பேசலாம். மேடையை விட்டு இறங்கினால் பஸ் ஏறலாம். நான் இறங்கினாலும் இந்த ஊரில்தான் இறங்குவேன்.

தெரசாவின் பிள்ளைக்குப் போன ஞாயிறு ஞானஸ்நானம். பெண் குழந்தை. உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மிக்கேலம்மாள் என்னிடம் அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். இதைப் பாட்டாக்காதே. உன்னை எனக்கும் தெரியும்.

அப்பா
யாகப்பன்


பெங்களூர்
10-11-1985

அன்புள்ள அப்பாவுக்கு,

தழும்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைக்காமல் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டதைச் செய்ய முடியவில்லை. பாட்டு வந்துவிட்டது. உங்களிடம் இதையும் மறைத்தால் நான் மறுபடி பழைய பொய்க்காரி ஆகிவிடுவேன்.

தறியில் நூல் மாட்டுவது போல ஆறு வாரம் பிடித்தது. முதலில் வெறும் கோபமாக இருந்தது. குப்புராஜ் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்தது. நான் அதில் ஆண்டவரைக் கூப்பிட்டதும் டிரம் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "சாமிகிட்டக் கேட்டா கேட்டு தொறக்குமா? ஊர்க்காரனக் கேளு. யூனியன் மேடையில இத எப்படிப் பாடறது?" என்றார். ஆண்டவரை எடு என்றார்.

ஹாஸ்டல் பக்கத்துப் பங்குக் கோயிலில் இளைஞர் பூசைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கிற சாமியிடம் காட்டினேன். நல்ல மனிதர். மூன்று தடவை படித்தார். "அருமையான மன்றாட்டு, இசபெல்லா. கேட்டு, சாவி எல்லாம் மட்டும் வேண்டாம். பொதுவா இருக்கட்டும்" என்றார்.

ஒரே வாரத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தார்கள். ஷெட்டில் தனியாக உட்கார்ந்து இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்தேன். ஆண்டவரை எடுத்தால் அது யாரோ ஒருத்தியின் பாட்டு. அவர்மேல் எனக்கு இருக்கிற உரிமையில்தானே இவ்வளவு கோபம் வருகிறது? சாமியே இல்லை என்றால் நான் யாரை நியாயம் கேட்பேன்? கேட்டை எடுத்தால் தெரசாவே அதில் இல்லை. எந்தக் கோயிலிலும் பாடலாம், எல்லோரும் கண்ணை மூடி உருகலாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். இரண்டையும் விடவில்லை. குப்புராஜ் அண்ணன் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்து, "சரி, உங்க சாமி இருந்துட்டுப் போவட்டும்" என்று குச்சியை எடுத்தார்.

ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. உங்கள் பெரிய வெள்ளிக்கிழமை இழுப்பில் ஆரம்பித்து, பிறகு டிரம் சேரும்:

ஒரே பாத்திரம் இரத்தம் என்றீர்
ஒத்துக்கிட்டேன் ஆண்டவரே
ஒரே கேட்டுல போகணுமே
ஒரு வார்த்தை சொல்லும் ஆண்டவரே

சாய்ச்சுத் தூக்கிப் போனாங்க
சவப்பெட்டிக்கும் தலைகுனிவு
சாவி வெச்ச கையும்கூட
சாமி கும்பிடும் கைதானே

கடைசி இரண்டு வரி உங்களுக்கு வலிக்கும். எழுதும்போது எனக்கும் வலித்தது. அதை உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எதற்காக என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

கேசட் பதிந்திருக்கிறோம். உங்களுக்கு ஒன்று, மிக்கேலம்மாள் அக்காவுக்கு ஒன்று, ராஜாமணி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். ஜனவரியில் தருமபுரியில் ஒரு கூட்டத்துக்குப் பாட அழைத்திருக்கிறார்கள்.

இசபெல்லா


சே. ம. சூ.

சவுரிகொட்டாய்
2-1-1986

பிரியமுள்ள மகள் இசபெல்லாவுக்கு,

புது வருட ஆசீர்வாதம். நீ கிறிஸ்துமஸுக்கு வராதது நல்லதாயிற்று.

எனக்கு அனுப்பின கேசட்டைப் போட்டுக் கேட்க நம் வீட்டில் டேப் பெட்டி ஏது? அது பிதா சுதன் படத்துக்குக் கீழே அப்படியே இருந்தது. மிக்கேலம்மாளுக்கு அனுப்பினது சும்மா இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை, பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, காலனிப் பையன்கள் வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஊரே நின்று கேட்டது. முதலில் எனக்கு உன் குரல் என்று தெரியவில்லை. என் குரல் என்று நினைத்தேன். என் ராகம் அல்லவா அது? பிறகு டிரம் இடித்தது. கடைசி வரி வந்ததும் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் ஊர்க்கூட்டம். சவுரியப்பன் வரும் பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவருக்கு நிற்கிறார். அவருக்குக் காலனி ஓட்டும் வேண்டும், கேட்டும் பூட்டியிருக்க வேண்டும். "ஏம்பா யாகப்பா, ஓட்டு நேரத்துல உம்பொண்ணு ஊரு மானத்தப் பெங்களூர்ல ஏலம் வுடறாளே. தருமபுரியிலயும் வந்து பாடப்போறாளாமே?" என்றார். "அந்தச் சாவி வரி யாரச் சொல்லுது?" என்றார். என்னைத்தான் என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பிறகு, நீ தருமபுரியில் பாடக்கூடாது, பாடினால் உபதேசியார் வேலையை வேறு ஆள் பார்ப்பான் என்று முடித்தார்கள்.

பாட்டையே பாடாதே என்று நான் கேட்க மாட்டேன். அந்தத் தகுதி எனக்கு இல்லை. கடைசி இரண்டு வரியை மட்டும் எடுத்துவிடு. இந்த வேலை போனால் எனக்குச் சோறு போகாது. வயல் இருக்கிறது. ஆனால் 1949இலிருந்து காலை மணி அடித்தவன். மணி அடிக்காத காலையில் நான் எழுந்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இதை ஒரு உபதேசியாராகக் கேட்கவில்லை. உன் அப்பாவாகக் கேட்கிறேன்.

யாகப்பன்


பெங்களூர்
20-1-1986

அப்பாவுக்கு,

நேற்று தருமபுரியில் பாடினோம். நீங்கள் கேட்டபடி கடைசி இரண்டு வரியைப் பாடவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சவுரியப்பன் மாமாவை எதிர்த்து நிற்கிறவரின் ஆட்கள் முந்தின வாரம் ஷெட்டுக்கே வந்தார்கள். ஜீப் தருகிறோம், ஸ்பீக்கர் தருகிறோம், ஊர் ஊராக இந்தப் பாட்டைப் பாடுங்கள் என்றார்கள். கடைசியில் அவர் பெயரையும் சின்னத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். அவர் ஜெயித்தால் பெரிய கேட்டைத் திறந்துவிடுவாரா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார்கள். அனுப்பிவிட்டேன்.

அவர்கள் கேட்டதற்கு ஒரு எழுத்தைக்கூட மாற்றாதவள், நீங்கள் கேட்டதற்கு இரண்டு வரியை எடுத்தேன். குப்புராஜ் அண்ணன், "உங்கப்பான்னா வரி போவும். எங்கப்பனா இருந்தா வுட்டிருப்பியா?" என்றார். அந்த இரண்டு வரி வர வேண்டிய இடத்தில் கிட்டாரை மட்டும் வாசித்தேன். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கை தட்டினார்கள். கன்னடம் பேசுகிற பையன்கள் சிலர் "இன்னொந்து, இன்னொந்து" என்று இன்னொரு பாட்டுக் கேட்டுக் கத்தினார்கள்.

முன்வரிசையில் மிக்கேலம்மாள் அக்கா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் என்னிடம் வந்தார்கள். "கண்ணு, பொட்டியில கேக்கறப்ப அந்த எடத்துல என்னமோ இருந்துச்சே. இன்னைக்கு வெறுமனே போயிருச்சே" என்றார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னேன். அவர்கள் என்னையே பார்த்துவிட்டு, "உங்கப்பா சொல்லியிருப்பாரு. பரவால்ல" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

உங்கள் வேலை இருக்கட்டும். காலை மணி அடியுங்கள். உங்களுக்கு நல்லதுதான் நினைக்கிறேன். ஆனால் அப்பா, இனிமேல் பாட்டு எதையும் உங்களுக்கு அனுப்ப மாட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுத வராது. அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இசபெல்லா


சே. ம. சூ.

சவுரிகொட்டாய்
14-4-1986

பிரியமுள்ள மகள் இசபெல்லாவுக்கு,

அப்பா எழுதுவது. மூன்று மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத உட்காருவேன், சேசு மரி சூசையை நினைத்து மேலே சே. ம. சூ. என்று போடுவேன், அதோடு நின்றுவிடும். இன்றைக்கு எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது.

மிக்கேலம்மாளின் வீட்டுக்காரர் பிலவேந்திரன், உயிர்ப்புத் திருநாள் முடிந்த புதன்கிழமை இறந்துபோனார். ஆறு மாதமாக மூச்சிரைப்பு. நம் வயல் கிணற்றை வெட்டினவர் அவர்தான். கடைசி வரை மகள் நினைவாகவே இருந்தாராம். மறுநாள் மதியம் அடக்கம். சாமி வர முடியாததால் என்னையே செய்யச் சொல்லிவிட்டார்.

ஊர்வலம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. நான் முன்னால் சிலுவையோடு நடந்தேன். மிக்கேலம்மாள் உன் பெயர்க்காரியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் வந்தாள். பெரிய கேட்டுக்கு எதிரே வந்ததும் அவள் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். வழியெல்லாம் அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். 1971ஐச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அவள் கேட்கவில்லை, இசபெல்லா. என்னைப் பார்க்கவும் இல்லை. பெட்டி தூக்கினவர்களும் ஒன்றும் கேட்காமல் சின்னக் கேட்டுப் பக்கம் தாங்களாகவே திரும்பினார்கள். ஒருவன் பெட்டியைச் சாய்க்க அப்போதே தோளை இறக்கிவிட்டான்.

கேட்டிருந்தால் நான் மறுபடியும் செபப் புத்தகத்தைத்தான் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்காமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. உன் பாட்டினால் திறந்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. தைரியத்தினாலும் இல்லை. சாவியைப் பூட்டில் போட மூன்று தடவை ஆயிற்று.

கேட்டைத் திறந்து வைத்தேன். யாரும் உள்ளே வரவில்லை. பெட்டி தூக்கினவன், "வேணாங்க உபதேசியாரே. நாளைக்கு எங்க வூட்டு மேலதான் வரும்" என்றான். நியாயமான பேச்சு. "நான்தான் தொறந்தேன். என்னக் கேக்கச் சொல்லு" என்றேன். அப்படியும் நின்றார்கள். மிக்கேலம்மாள்தான் குழந்தையோடு முதலில் உள்ளே நடந்தாள். பெட்டி நேராகப் போயிற்று. உள்ளே தெருக் கல்லறைகளையும் காலனிக் கல்லறைகளையும் பிரிக்கிற முழங்கால் உயரச் சுவரின் மேல் தூக்கி, அந்தப் பக்கம் வெட்டியிருந்த குழியில் தெரசாவுக்கு அருகே இறக்கினோம். சுவர் அப்படியேதான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்டை எதுவும் உடையவில்லை. பதினைந்து வருடத்தில் ஊர் கொஞ்சம் மாறியிருக்கிறது, அல்லது வெயில் அதிகம். மறுநாள் காலை சவுரியப்பன் வந்தார். தேர்தலில் ஜெயித்துத் தலைவராகிவிட்டார். வீட்டுக்குள் வரவில்லை. "வயசான காலத்துல ஏன் யாகப்பா இந்த வேல?" என்றார். சாவியைக் கொடுத்தேன். கோயில் சாவியையும் கேட்டார். அதையும் கொடுத்தேன். அன்றைக்கே பெரிய கேட்டுக்கு வேறு பூட்டு. இப்போது மணி அடிப்பது பள்ளிக்கூட வாத்தியார். ஐந்து நிமிடம் பிந்தி அடிக்கிறார். நான் எப்போதும்போல் எழுந்துவிடுகிறேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். மாடுதான் இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று பார்க்கிறது.

சாமி ஞாயிற்றுக்கிழமை வந்தார். பிரசங்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது என் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அது போதுமா, போதாதா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி பாட்டு அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருந்தாய். ஜனவரியில் நான் கேட்டது தப்பு. கேட்டது தப்பு என்று அப்போதே தெரியும், தெரிந்தே கேட்டேன். அந்த இரண்டு வரியையும் திரும்பப் போட்டுப் பாடு. ராஜாமணியின் டேப் ரிக்கார்டரை வாங்கி வந்து, நீ அனுப்பின கேசட்டை இப்போதுதான் வீட்டில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். மூன்று தடவை. 'கும்பிடும்' என்பதில் நீ அவசரப்படுகிறாய். எனக்காக அவசரப்பட்டாய் போலிருக்கிறது. வேண்டாம். நின்று பாடு. அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மோனை தவறினால் மட்டும் சொல்வேன்.

உன் அம்மா என்னோடு பத்து நாள் பேசவில்லை. கேட்டைத் திறந்ததற்கு இல்லை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியைக் கொடுத்ததற்கு என்கிறாள். இருக்கலாம்.

முப்பத்தேழு வருடமாகக் கோயிலில் எனக்கு உட்கார இடம் தேவைப்பட்டதில்லை. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். முதல் ஞாயிறு உள்ளே போனதும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். வலப்பக்கம் தெரு, இடப்பக்கம் காலனி. இத்தனை வருடம் அந்த இரண்டு பக்கத்தையும் எதிரே நின்று பார்த்தவனுக்கு நடுவில் இருக்கிற நடைபாதை அன்றுதான் அவ்வளவு அகலமாகத் தெரிந்தது. இடப்பக்கம் கடைசியில் உட்கார்ந்தேன். மிக்கேலம்மாள் குழந்தையை நகர்த்தி இடம் விட்டாள். குழந்தை என் செபமாலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. நேற்றும் அங்கேதான் உட்கார்ந்தேன்.

உன் அம்மா இரண்டு வாரமும் வலப்பக்கம்தான். நேற்று பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், பாதி தூரம் வந்த பிறகு, "அந்தப் பக்கம் ஃபேன் காத்து வருதா?" என்று கேட்டாள். வரலை என்றேன்.

"சரி" என்றாள்.

உன் அப்பா
யாகப்பன்